சோடியம் ரெண்டு மடங்கு, மீற்றர் அசையல்ல: எது பிழை?

வாகரைப் பக்கத்தான்:
இல்மனைட் (தைத்தானியம் எடுக்கிற கறுப்புக் கனிமம்) மணல் அகழுற குழிக்குக் கிட்ட ஆறு வீட்டுக் கிணறுகளை மாதாமாதம் பாத்து எழுதி வாறம். கையில ஒரு கடத்துதிறன் மீற்றர் இரிக்கு, தண்ணியில கரைஞ்ச உப்புக் கூடினா அதின்ட எண்ணும் ஏறணும். சோடியத்துக்குப் போத்தலில தண்ணி எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புறம். மூணாம் கிணத்தில சித்திரையில சோடியம் லீற்றருக்கு 140 மில்லிகிராம், மீற்றர் 780. ஆவணியில சோடியம் 310, மீற்றர் 810 தான். வீட்டுக்கார அம்மா தண்ணி கரிக்குது எண்டுறா. இந்தக் கணக்கோட கூட்டத்துக்குப் போனா "உங்கட மீற்றரே ஏறல்லையே" எண்டு சிரிப்பாங்க.

போத்தல் அக்கா:
கண்ணாடிப் போத்தலா தம்பி? திரவ பிளீச் ஊத்திக் கழுவினீங்களா? அது சோடியம் ஹைப்போகுளோரைட். அடியில கொஞ்சம் நிண்டாலும் போதும், கணக்குக் கெட்டுப்போகும்.

வாகரைப் பக்கத்தான்:
இல்லக்கா, புது பிளாஸ்டிக் போத்தல். அந்தக் கிணத்துத் தண்ணியாலேயே மூணு தரம் அலசித்தான் எடுத்த.

பழைய கெமிஸ்ட்ரி:
சோடியத்தை அதின்ட அணுநிறை 23 ஆல பிரிங்க: 310 க்கு 13.5 வரும். கடத்துதிறனை 100 ஆல பிரிச்சா தண்ணியில உள்ள நேர் அயன் எல்லாம் சேர்ந்த தொகை, ஏறத்தாழ. 810 க்கு 8 தான். எட்டு மரைக்கால் பிடிக்கிற சாக்குக்குள்ள பதின்மூணு மரைக்கால் நெல்லு போகுமா? சித்திரைக் கணக்குப் பொருந்துது, 7.8 க்குள்ள 6. ஆவணியிலதான் கோளாறு. மீற்றர்த் திரையில எண்ணுக்குப் பக்கத்தில சின்னதா என்ன எழுதியிரிக்கு?

வாகரைப் பக்கத்தான்:
ஐயோ. பிபிஎம் எண்டு கிடக்கு, கடத்துதிறன்ட அலகு மைக்ரோசீமன்ஸ் இல்ல, கரைஞ்ச உப்பின்ட அளவு! பற்றரி மாத்தின பொடியன் பட்டனை அழுத்திட்டான் போல. இப்ப அதே தண்ணியை ரெண்டிலயும் பாத்த: 830 பிபிஎம், 1660 மைக்ரோசீமன்ஸ்.

பழைய கெமிஸ்ட்ரி:
அப்ப உங்கட மீற்றர் பாதியாக்கித்தான் பிபிஎம் காட்டுது. ஆவணி 810 உண்மையில 1620. பதினாறுக்குள்ள 13.5 அடங்கும். ஆய்வுகூடம் சரி, உப்பு உண்மையாவே ஏறியிரிக்கு. கடத்துதிறன் 1413 மைக்ரோசீமன்ஸ் எண்டு தெரிஞ்ச நியமக் கரைசல் ஒண்டு வாங்கி மாதம் ஒருக்கா மீற்றரைச் சரிபாருங்க.

கல்லடி அண்ணன்:
உடனே குழியில பழி போட்டுராதீங்க. கச்சான் காத்து அடிச்சு முடிஞ்ச காலம், மாரி மழைக்கு இன்னும் நாள் இரிக்கு, எல்லாக் கிணறும் இறங்கியிரிக்கும். கடற்கரை மணலுக்குள்ள நல்ல தண்ணி உப்புத் தண்ணிக்கு மேல மிதக்குது. நீர்மட்டம் ஒரு அடி இறங்கினா உப்பு கீழ இருந்து நாப்பது அடி வரைக்கும் ஏறப் பாக்கும். 2004 சுனாமிக்குப் பிறகு எங்கட பக்கம் கிணத்தைத் திரும்பத் திரும்ப இறைச்சு, உப்பைக் கூட்டிக்கிட்டதுதான் மிச்சம். குழியில மோட்டர் ஓடுதா, எத்தனை மணித்தியாலம் எண்டு குறிச்சு வைங்க. குளோரைட்டும் பாக்கச் சொல்லுங்க: கடல் தண்ணியில சோடியத்தின்ட நிறை, குளோரைட்டின்ட நிறையில 55 சதவீதமளவு. உங்கட 310 க்கு குளோரைட் 560 கிட்ட வந்தா கடலைத்தான் சந்தேகிக்கணும். முக்கியம், கடலுக்கு அதே தூரத்தில, குழிக்குத் தூரமா ஒரு கிணத்தையும் ஒப்பிட்டுப் பாருங்க.

போத்தல் அக்கா:
அந்த வீட்டில பிரஷர்காரர் இருந்தா வேற கிணத்துத் தண்ணி குடிக்கச் சொல்லுங்க. உலக சுகாதார நிறுவனம் சொல்ற 200 சுவைக்கான அளவுதான், எண்டாலும் 310 கூட.

வாகரைப் பக்கத்தான்:
கோயிலடிக் கிணறு சரிவரும், குழிக்கு ரெண்டு கிலோமீற்றர் அங்கால. நாளைக்குப் போறன். ஆனி, ஆடி எண்களையும் அழிச்சு எழுதவா?

பழைய கெமிஸ்ட்ரி:
அழிக்காதீங்க மச்சான். ஒரு கோடு மட்டும் போட்டு, பக்கத்தில புது எண், திகதி, ஒப்பம். பழையது வாசிக்கத் தெரியணும். பொடியன் பற்றரி மாத்தின நாளையும் கேட்டு எழுதுங்க.