எங்கள் குடும்பக் குழு: கவிதாவின் கண் பரிசோதனை

வசந்தா அத்தை, திங்கள், காலை 7:10
கவிதாவுக்கு மூன்று வாரங்களாகக் காலையில் எழும்போதே தலைவலி இருக்கிறது. கோலம் போடக் குனிந்து நிமிர்ந்தால் சில நொடிகள் கண் இருட்டிக்கொண்டு வருகிறதாம். கண்ணாடிக் கடையில் கம்ப்யூட்டரில் பார்த்து, பவர் மாறவில்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

சுந்தர், 7:24
அத்தை, இதை நாளைக்குத் தள்ளிப்போட வேண்டாம். மண்டைக்குள் அழுத்தம் கூடும்போது, மூளையைச் சுற்றியுள்ள நீர் பார்வை நரம்பின் உறைக்குள்ளும் அழுத்துவதால், கண்ணின் பின்புறம் அந்த நரம்பின் முனை வீங்கிவிடும். தொடக்கத்தில் எழுத்துப் பலகையில் இயல்பான பார்வைக்கான 6/6 வரிசை வரை தெளிவாகவே படிக்க முடியும் என்பதால், பவர் பார்ப்பதில் அது பிடிபடாது. கண் மருத்துவரிடம் இன்றைக்கே காட்டுங்கள். வாந்தியோ இரட்டைப் பார்வையோ வந்தால் நேராக அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

ராஜன் மாமா, 7:31
நான் அழைத்துப் போகிறேன். அங்கே என்ன பார்ப்பார்கள்?

சுந்தர், 7:40
முதலில் டார்ச் வெளிச்சத்தை இரண்டு கண்களுக்கும் மாற்றி மாற்றி அடித்து, கண்ணின் பாப்பா சுருங்குவதைப் பார்ப்பார்கள். சொட்டு மருந்து விட்ட பிறகு பாப்பா விரிந்தே நிற்கும் என்பதால், அதற்கு முன்பே இதை முடித்தாக வேண்டும். பிறகு ஒரு கண்ணை மூடச் சொல்லி, மருத்துவரின் மூக்கையே பார்த்தபடி ஓரத்தில் காட்டும் விரல்களை எண்ணச் சொல்வார்கள்; ஓரப் பார்வையில் எந்தப் பக்கம் விடுபடுகிறது என்பதை வைத்தே, மூளைக்குப் போகும் பாதையில் பழுது எங்கே என்று ஊகிக்க முடியும். கடைசியாகத்தான் சொட்டு மருந்து விட்டு நரம்பைப் பார்ப்பார்கள். கவிதா ஏதேனும் மாத்திரை சாப்பிடுகிறாளா?

கவிதா, 7:46
முகப்பருவுக்கு இரண்டு மாதமாக டாக்ஸிசைக்ளின் சாப்பிடுகிறேன், அத்தான்.

சுந்தர், 7:48
சிலருக்கு அதுவே இந்த அழுத்தத்தைக் கூட்டும். அட்டையைக் கையோடு கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டு.

ராஜன் மாமா, செவ்வாய், மாலை 6:15
இரண்டு கண்களிலும் நரம்பு வீங்கியிருந்ததால் நேற்றே எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள், கட்டியும் இல்லை, ரத்தக் குழாயில் அடைப்பும் இல்லை. இன்று முதுகில் ஊசி போட்டு அளந்ததில், 25 செ.மீ.க்குள் இருக்க வேண்டிய நீரழுத்தம் 34 இருந்தது. பரு மாத்திரையை நிறுத்தி, அழுத்தத்தைக் குறைக்கும் அசெட்டசோலமைடு மருந்தைத் தொடங்கியிருக்கிறார்கள்.

சுந்தர், 6:22
நேரத்தோடு போய்விட்டீர்கள், மாமா. ஓரப் பார்வைப் பரிசோதனைத் தாளைப் பத்திரமாக வையுங்கள். வீக்கம் வடியும்போது பார்வை தேறுகிறதா என்பதை அதனோடு ஒப்பிட்டுத்தான் சொல்வார்கள்.