இழை: ‘அணு நீர்மூழ்கி’ என்று இரண்டையும் அழைக்கலாமா?

செ. எழுதியது:

அன்புள்ள குழுவினருக்கு, பாதுகாப்புக் கொள்கை பற்றிய நூல் ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் பதிப்பாளருக்கு அனுப்பியாக வேண்டும். நம் நாளிதழ்கள் ‘அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்’ என்று இரு வேறு கலங்களைச் சொல்கின்றன. ரஷ்யாவிடம் குத்தகைக்கு வாங்கி 2012இல் படையில் சேர்த்த சக்ரா அணு உலையால் ஓடியது. அணு ஆயுதம் அதில் இல்லை. 2016இல் சேர்ந்த அரிஹந்த் உலையால் ஓடுவதோடு அணு ஆயுத ஏவுகணைகளையும் சுமக்கிறது. முன்னது பகைக் கப்பலைத் தேடி வேட்டையாடும். பின்னதன் வேலை யார் கண்ணிலும் படாமல் கிடப்பது. நாம் முதலில் தாக்கப்பட்டாலும் திருப்பி அடிக்கக் கடலடியில் ஒன்று மிஞ்சியிருக்கும் என்று பகைவன் அஞ்ச வேண்டும், கட்டுவதே அதற்காகத்தான். இந்த இரண்டாவதற்கு ஒரு பெயர் தாருங்கள். ‘அணு ஆற்றலால் இயங்கும் பாலிஸ்டிக் ஏவுகணை தாங்கி நீர்மூழ்கிக் கப்பல்’ என்று பக்கந்தோறும் எழுதினால் முதலில் மூழ்குபவர் வாசகர்தான்.

வே. எழுதியது:

இதற்கு இவ்வளவு கவலை ஏன்? எறிகணை நீர்மூழ்கி. பாலிஸ்டிக் என்பதன் கிரேக்க வேரே எறிதல்தான். உந்துபொறி சில நிமிடங்கள் எரிந்து அணையும். பிறகு கவண்கல் போல வளைந்து விழும். ‘களிறு எறிந்து பெயர்தல்’ என்று புறநானூறே சொல்லவில்லையா? ‘ஏவுகணை’ எனக்கு என்றுமே பிடித்ததில்லை. ‘ஏ’ என்றாலும் அம்பு, ‘ஏவு’ என்றாலும் அம்பு, ‘கணை’ என்றாலும் அம்பு. அம்பம்பு!

பு. எழுதியது:

ஐயா, அந்தப் பாட்டைப் பாடிய பொன்முடியாரின் காளை யானையைத் தூக்கி வீசவில்லை, வெட்டி வீழ்த்தினான். ஏவுகணை வினைத்தொகை, ஏவிய, ஏவுகின்ற, ஏவும் கணை. அம்பம்பு ஆகாது.

வே. எழுதியது:

வீசுவதும் வீழ்த்துவதும் ஒரே சொல்லில் அமைவது நமக்கு நல்லதுதானே?

யா. எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எறிகணை வேண்டாம். இங்கே அது ஷெல்லுக்கு, அதாவது பீரங்கிக் குண்டுக்கு, வழங்கும் சொல். அது விழும் ஓசைக்குப் பதுங்குகுழி தேடி ஓடியவர்கள் இன்னும் இருக்கிறோம். அந்தக் கலம் பீரங்கி வைத்திருக்கிறது என்றுதான் எங்கள் வாசகர் புரிந்துகொள்வார்.

மா. எழுதியது:

யா. சொல்வது போதும், எறிகணையை விட்டுவிடுவோம். சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டைப் பொறிகளுள் ‘கல்லுமிழ் கவண்’ வருகிறது. அந்த வழியில் ‘கணையுமிழ் நீர்மூழ்கி’ என்கிறேன். இது வெறும் அலங்காரம் அன்று. போலாரிஸ், டிரைடென்ட் போன்ற அமெரிக்க நீர்மூழ்கிகளின் அணு ஆயுத ஏவுகணைகள் குழாய்க்குள் எரிந்து கிளம்புவதில்லை. வளிம அழுத்தம் அவற்றை நீருக்கு மேலே தள்ளிய பிறகே பொறி பற்றிக்கொள்கிறது. 1960 ஜூலை 20 அன்று ஜார்ஜ் வாஷிங்டன் என்ற அமெரிக்க நீர்மூழ்கி நீருக்கடியிலிருந்து போலாரிஸை இப்படித்தான் ஏவியது. அந்தக் கலமும் வேட்டைக் கலமாகக் கட்டத் தொடங்கியதுதான். நடுவில் 16 செங்குத்துக் குழாய்கள் கொண்ட பகுதியைச் செருகி நீட்டினார்கள். ஆக, வேறுபாடு அந்தக் குழாய்களில்தான் இருக்கிறது. பெயரும் அதையே பிடிக்கட்டும்.

க. எழுதியது:

அம்மா, அழகான சொல். ஆனால் உமிழாத நீர்மூழ்கி எது? டார்ப்பிடோவையும் உமிழத்தானே செய்கிறது? அமெரிக்காவின் ஒஹையோ வகைக் கலங்கள் 18. அவற்றில் நான்கின் டிரைடென்ட்களை இறக்கிவிட்டு, ஒவ்வொன்றிலும் டோமஹாக் என்ற சீர்வேக (குரூஸ்) ஏவுகணைகள் 154 வரை ஏற்றும்படி மாற்றினார்கள். அதே உடல், அதே குழாய்கள், அணு ஆயுதம் இல்லை. உங்கள் சொல் இரண்டுக்கும் பொருந்திவிடுகிறது. செ. கேட்டதோ பிரித்துக் காட்டும் சொல்.

பு. எழுதியது:

இடையில் ஒன்று. அரிஹந்த் என்றால் பகைவரை அழிப்பவன் என்கிறார்கள். சமணர் வணங்கும் நம் அருகன் அதே மரபுப் பெயர்தான். தகுதி உடையவன் என்பதும் அதற்கு ஒரு பொருள். சமணர் சொன்ன பகை ஆசையும் சினமும். எறும்புக்கும் இரங்கியவர் பெயரை எங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள் பாருங்கள்! அந்தக் கலத்தின் உலைக்கு முன்மாதிரி ஓடியது நம் கல்பாக்கத்தில்.

வே. எழுதியது:

அருகன் ‘அருகு’ என்பதிலிருந்து வந்த தூய தமிழ்ச் சொல் என்று முன்பே எழுதியிருக்கிறேன். தனி இழை தொடங்குகிறேன்.

செ. எழுதியது:

தயவுசெய்து தனி இழையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். நாளை வெள்ளி. ‘அணுக்கணை நீர்மூழ்கி’ என்று எழுதிவிடுகிறேன். சக்ரா வகைக்கு ‘அணு உலை நீர்மூழ்கி’. முதல் முறை வரும் இடத்தில் முழு விளக்கம் தருவேன். மா. அம்மாவின் சொல்லை ஏவும் முறையை விளக்கும் பத்தியில் எடுத்துக்கொள்கிறேன்.

மா. எழுதியது:

சரி. ஓசை முரட்டுத்தனமாக இருக்கிறது, பொருள் தவறில்லை.

யா. எழுதியது:

எனக்கும் சம்மதம்.

க. எழுதியது:

எனக்குச் சம்மதமில்லை. ‘அணுக்கணை’ ஆயுதத்தைச் சொல்கிறது, பாலிஸ்டிக்கை விழுங்கிவிட்டது. அணு ஆயுதம் பொருத்திய சீர்வேக ஏவுகணையும் அணுக்கணைதான். வகுப்பில் நான் ‘பாலிஸ்டிக் ஏவுகணை நீர்மூழ்கி’ என்றே சொல்லிக்கொண்டிருப்பேன். மாணவர்கள் தேர்வில் எழுதுவதும் அதுவே.