ஸ்பானிஷ் உதவி: மேட்ச் பற்றிய வாக்கியங்களில் எங்கே ‘கானா’, எங்கே ‘கானே’?

வலதுவிங்

செவியா நகரத்தில் படிக்கிறேன், சாயங்காலம் ஸ்பானிஷ் பி1 வகுப்பு. வரப்போகிற டெர்பி மேட்சைப் (இந்த ஊரின் இரண்டு கிளப்புகளான பெட்டிஸும் செவியாவும் மோதுவது) பற்றி வாக்கியங்கள் எழுதி வரச் சொன்னார்கள். கால்பந்து ஆயிற்றே என்று தெம்பாக எழுதினேன். கோல்கீப்பருக்கு போர்தேரோ, ஸ்ட்ரைக்கருக்கு தெலாந்தேரோ, நடுவருக்கு ஆர்பித்ரோ, ஆஃப்சைடுக்கு ஃபுவேரா தே ஹுவேகோ என்று பெயர்ச்சொல் எல்லாம் சரி. சிவப்புக் கோடு முழுக்க வினைச்சொற்களுக்குக் கீழேதான். ஸ்பானிஷைத் தமிழ் எழுத்திலேயே போடுகிறேன், கீபோர்டு மாற்றிக்கொண்டே இருக்கப் பொறுமை இல்லை.

1. க்ரேயோ கே கானா எல் பெட்டிஸ். (பெட்டிஸ் ஜெயிக்கும் என்று நினைக்கிறேன்.) இது சரியாம்.
2. நோ க்ரேயோ கே கானா எல் செவியா. (செவியா ஜெயிக்கும் என்று நான் நினைக்கவில்லை.) தப்பு, ‘கானே’ வேண்டுமாம்.
3. எல் மிஸ்டர் தீஸே கே ஹுவேகா இஸ்கோ. (கோச் இஸ்கோவை விளையாடச் சொல்கிறார்.) தப்பு, ‘ஹுவேகே’.
4. நெசெஸிதாமோஸ் உன் தெலாந்தேரோ கே மேத்தே கோலேஸ். (கோல் போடும் ஸ்ட்ரைக்கர் நமக்கு வேண்டும்.) தப்பு, ‘மேத்தா’.
5. ஆ லோ மெஹோர் கானே எல் பெட்டிஸ். (ஒருவேளை பெட்டிஸ் ஜெயிக்கலாம்.) சந்தேகம்தானே என்று இதில் சப்ஜங்க்டிவ் (‘கானா’ என்ற சாதாரண வினை விகுதி மாறி ‘கானே’ ஆகும் வடிவம்) போட்டேன். இதுவும் தப்பு, ‘கானா’ என்கிறார்கள்!

இன்னும் இரண்டு சந்தேகம். ரேடியோ கமென்டரியில் சாக்கே, ரெமாத்தே, தெஸ்பெஹே என்று ஓயாமல் வருகிறதே, அதெல்லாம் சப்ஜங்க்டிவா? அப்புறம் பெட்டிஸ் ரசிகர்களின் ஸ்கார்ஃபில் ‘மான்கே பியெர்தா’ என்று போட்டிருக்கிறது. என் அகராதியில் ‘மான்கே’ இல்லை.

மஞ்சள்_அட்டை

விருப்பம், சந்தேகம், உணர்ச்சி வந்தால் சப்ஜங்க்டிவ். அவ்வளவுதான் தம்பி. விகுதிப் பட்டியலை மனப்பாடம் செய்துவிடு.

வலதுவிங்

அண்ணா, அந்த விதி தெரியும். 3, 4 இரண்டிலும் விருப்பமும் இல்லை, சந்தேகமும் இல்லை. 5இல் சந்தேகம் இருக்கிறது, அங்கே வேண்டாம் என்கிறார்கள். அதனால்தான் கேட்கிறேன்.

ஆஃப்சைடு_அக்கா

‘சந்தேகம்’ என்ற சொல்லைக் கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள் தம்பி. அது பாதி உண்மை, அதனாலேயே குழப்பும். அதற்குப் பதிலாக ‘கே’ (நம் ‘என்று’ மாதிரி) என்பதற்குப் பின்னால் வரும் வாக்கியத்தை நீங்கள் (அல்லது பேசும் ஆள்) ஒரு செய்தியாக அறிவிக்கிறீர்களா என்று பாருங்கள். அறிவித்தால் சாதாரண வினை. அறிவிக்காமல் வெறுமனே எடுத்து வைத்தால் சப்ஜங்க்டிவ். உங்கள் 1இல் ‘பெட்டிஸ் ஜெயிக்கும்’ என்று உங்கள் கணிப்பை அறிவிக்கிறீர்கள். 2இல் ‘செவியா ஜெயிக்கும்’ என்பதை நீங்கள் அறிவிக்கவில்லை, அதை மறுக்கத்தான் வாயெடுக்கிறீர்கள். அதனால் கானே.

3ஐத் தமிழில் வைத்துப் பாருங்கள். ‘இஸ்கோ விளையாடுகிறார் என்று கோச் சொல்கிறார்’, ‘இஸ்கோவை விளையாடச் சொல்கிறார் கோச்’. முதலாவது தகவல், இரண்டாவது உத்தரவு. நாம் ‘என்று’ என்பதை எடுத்துவிட்டு வினையை ‘விளையாட’ என்று மாற்றுகிறோம். ஸ்பானிஷ்காரர் ‘கே’யை அப்படியே வைத்துக்கொண்டு ஹுவேகாவை ஹுவேகே ஆக்குகிறார். நீங்கள் எழுதிய வாக்கியமும் இலக்கணப்படி சரியான ஸ்பானிஷ்தான், ஆனால் அதற்கு ‘விளையாடுகிறார் என்று சொல்கிறார்’ என்று பொருள். ஒரு உயிரெழுத்தில் கோச்சின் உத்தரவு வெறும் அறிவிப்பாகிவிட்டது.

4ம் அப்படியே. ‘கோல் போடும் ஸ்ட்ரைக்கர் இருக்கிறார்’ என்றால் அந்த ஆள் கண்முன்னே நிற்கிறார்: தெனேமோஸ் உன் தெலாந்தேரோ கே மேத்தே கோலேஸ். ‘கோல் போடக்கூடிய ஒரு ஸ்ட்ரைக்கர் வேண்டும்’ என்றால் அப்படி ஒருவர் இன்னும் கையில் இல்லை, எங்கே இருக்கிறார் என்றும் தெரியாது. அங்கே மேத்தா. ‘போடும்’ என்பதைவிட ‘போடக்கூடிய’, ‘போடுற மாதிரி’ என்று உங்கள் நாக்கு போகிறதா? பெரும்பாலும் அது சப்ஜங்க்டிவ் இடம். வீரர்களை வாங்கி விற்கும் சீசனில் விளையாட்டுப் பத்திரிகைகளைப் படியுங்கள், இந்த வடிவம் பக்கத்துக்குப் பக்கம் கிடைக்கும்.

தமிழ் கைகொடுக்காத முக்கியமான இடம் ‘நோ க்ரேயோ கே’ என்பது என் அனுபவம். ‘ஜெயிக்கும் என்று நினைக்கிறேன்’, ‘ஜெயிக்கும் என்று நினைக்கவில்லை’ இரண்டிலும் நமக்கு ‘ஜெயிக்கும்’ மாறவே மாறாது. அங்கே காதை நம்ப வேண்டாம், ‘நோ’ வந்ததும் கை தானாக மாற வேண்டும். மற்ற பல இடங்களில் தமிழ் ஏற்கெனவே பிரித்துத்தான் வைத்திருக்கிறது. ‘எஸ் உனா பேனா கே நோ ஹுவேகே’ என்ற வாக்கியம் பலரைக் குழப்பும். அவர் விளையாடவில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்த உண்மை, பிறகு ஏன் சப்ஜங்க்டிவ்? நாம் எப்படிச் சொல்வோம்? ‘அவர் விளையாடாதது வருத்தம்.’ செய்தி வருத்தம் பற்றியது. விளையாடாதது பழைய செய்தி.

5க்குக் காரணம் தேடாதீர்கள். ‘ஆ லோ மெஹோர்’ எப்போதும் சாதாரண வினையைத்தான் கேட்கும். அதே பொருளில் ‘கிஸாஸ்’ போட்டால் கானா, கானே இரண்டும் செல்லும். ‘ஓஹலா’ போட்டால் சப்ஜங்க்டிவ் மட்டும்: ஓஹலா கானே எல் பெட்டிஸ். இந்த ஓஹலா, அந்தலூசிய அரபியில் (ஸ்பெயினில் ஒருகாலத்தில் பேசிய அரபி) இறைவன் பெயரைச் சொல்லி வேண்டிய தொடரிலிருந்து வந்தது. இன்ஷா அல்லாஹ் காதில் விழுந்து வளர்ந்தவர்களுக்கு இதை ஞாபகம் வைத்துக்கொள்வது சுலபம்.

ரேடியோ_காது

கமென்டரி கேள்வி என்னுடையது. அவை பெயர்ச்சொற்கள். ஆனால் நீங்கள் சந்தேகப்பட்டதிலும் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் உருவம் அச்சு அசல் ஒன்றேதான். சாக்கே (பந்தை ஆட்டத்துக்குள் அனுப்புவது), பாஸே (பாஸ்), ரெமாத்தே (கோலை நோக்கிய ஷாட் அல்லது ஹெட்டர்), தெஸ்பெஹே (கிளியரன்ஸ்), தோக்கே (டச்), தெஸ்மார்கே (மார்க் செய்பவரிடமிருந்து விலகி ஓடுவது), எம்பாத்தே (டிரா). இவை எல்லாவற்றுக்கும் ‘ஆர்’ என்று முடியும் வினை ஒன்று உண்டு: சாக்கார், பாஸார், ரெமாத்தார், எம்பாத்தார் என்று. அந்த வினையில் ‘அவன்’ என்பதற்கான சப்ஜங்க்டிவ் எழுதினால் இந்தப் பெயர்ச்சொல்லே வந்து நிற்கும். அதாவது கமென்டரி கேட்டே பாதிப் பட்டியல் உங்களுக்கு மனப்பாடமாகிவிட்டது! பிரித்தறிவதும் எளிது. முன்னால் எல், உன் இருந்தால் பெயர்ச்சொல்: ‘உன் சாக்கே தே எஸ்கினா’ என்றால் கார்னர். முன்னால் கே இருந்தால் வினை: ‘கே சாக்கே இஸ்கோ’ என்றால் இஸ்கோ எடுக்கட்டும்.

எழுதும்போது ஒரு எச்சரிக்கை. சாக்கார், தோக்கார், மார்கார் மூன்றிலும் ‘சி’ எழுத்து. அடுத்து ‘இ’ வந்தால் அந்த ‘சி’ க-ஒலியை இழந்துவிடும், அதனால் சப்ஜங்க்டிவில் ‘கியூ, யு’ போட வேண்டும். ஹுகாரில் (விளையாடுவது) ‘ஜி’க்குப் பின் ஒரு ‘யு’ சேரும். காதுக்கு எந்த மாற்றமும் தெரியாது, தாளில்தான் மார்க் போகும். ‘ஹு’ என்பது ‘ஹுவே’ என்று உடைந்து ஹுவேகே ஆகும் வினை ‘நாம்’ வரும்போது உடையாது: ஹுகேமோஸ். பெர்தெரும் (தோற்பது, இழப்பது) அப்படித்தான்: பியெர்தா, ஆனால் பெர்தாமோஸ்.

இன்னொன்று, மைதானத்து ஓரத்தில் நின்று சின்னப் பையன்களின் மேட்ச் பாருங்கள். ‘பாஸலா!’ என்றால் பாஸ் பண்ணு. அதையே ‘செய்யாதே’ என்று சொல்ல சப்ஜங்க்டிவ்தான்: ‘நோ லா பியெர்தாஸ்!’, பந்தை விட்டுடாதே. ஒருமுறை சொல்லிக் கேட்காத பையனுக்கு அப்பா கத்துவார்: ‘கே லா பாஸேஸ்!’ நம்மூரில் ‘பாஸ் பண்ணுன்னு சொல்றேன்ல!’ என்போமே, அதேதான். அந்தக் ‘கே’க்கு முன்னால் சொல்லாமல் விட்ட ‘சொல்கிறேன்’ ஒன்று இருக்கிறது. அக்கா விளக்கிய மூன்றாம் வாக்கியம்தான் இது, கோபத்தோடு.

தெற்குக்_கேலரி

மான்கே என்பது அவுன்கே (‘இருந்தாலும்’) என்ற சொல்லின் அந்தலூசியப் பேச்சு வடிவம், அதாவது செவியா இருக்கும் இந்தத் தெற்குப் பகுதியுடையது. முழுசாக: ‘விவா எர் பெட்டிஸ் மான்கே பியெர்தா’. எல் என்பதை எர் என்று சொல்வதும் இந்தப் பக்கத்து வழக்கு. ‘வாழ்க பெட்டிஸ், தோற்றாலும்.’ விவா, பியெர்தா இரண்டுமே சப்ஜங்க்டிவ், கவனித்தீர்களா? விவா என்பது நம் வாழ்க, வெல்க, ஒழிக வரிசை. பள்ளியில் வியங்கோள் வினைமுற்று என்று படித்தோமே, அது.

‘அவுன்கே பியெர்தே’ என்றால் ‘தோற்றுக்கொண்டுதான் இருக்கிறது, இருந்தாலும்’ என்று நிலவரத்தைச் சொல்வது. ‘பியெர்தா’ என்றால் ‘தோற்றாலும் சரி, அது எனக்கு ஒரு பொருட்டே இல்லை’. ஸ்கார்ஃபில் இரண்டாவதுதான் இருக்க முடியும். 1907இல் தொடங்கிய கிளப், 1934-35இல் லீக் சாம்பியன். பிறகு 1947இல் மூன்றாம் டிவிஷனுக்கு இறங்கி 1954 வரை அங்கேயே கிடந்தது. அந்த வருடங்களிலும் ஆட்கள் கூட்டம் கூட்டமாகப் பின்னால் போனார்கள். இந்த முழக்கம் அப்படிப்பட்டவர்களுடையது. என்னிடம் கேட்டால் ஸ்பானிஷ் பாடப் புத்தகங்களில் அவுன்கே பாடத்தின் முதல் வரியாக இதைத்தான் போட வேண்டும். நான் நடுநிலை இல்லை, சொல்லிவிடுகிறேன்.

மஞ்சள்_அட்டை

சரி, என் பதில் ரொம்பச் சுருக்கம்தான். ஈடாக ஒன்று: அர்ஜென்டினா கமென்டரியும் கேட்பதாக இருந்தால் போர்தேரோ அங்கே ஆர்கேரோ, பெனால்தி அங்கே பெனால், காம்போ (மைதானம்) அங்கே கான்ச்சா. செவியா வகுப்பில் அவற்றை எழுதினால் புரிந்துகொள்வார்கள், ஆனால் ஒரே கட்டுரையில் கலக்காதீர்கள். சப்ஜங்க்டிவ் விஷயத்தில் இரண்டு ஊருக்கும் இங்கே பேசிய எதுவும் மாறாது.

வலதுவிங்

எல்லாருக்கும் நன்றி. புதிதாக எழுதியவை. பார்த்துச் சொல்லுங்கள்.

அ) நோ க்ரேயோ கே மார்கே எல் செவியா. (செவியா கோல் போடும் என்று நான் நினைக்கவில்லை.)
ஆ) எல் மிஸ்டர் கியேரே கே ஹுகேமோஸ் போர் லாஸ் பாந்தாஸ். (விங் வழியாக ஆடச் சொல்லும் கோச்.)
இ) குவாண்டோ கானா எல் பெட்டிஸ் லா கோபா, இரேமோஸ் ஆ லா ப்ளாஸா நுவேவா. (பெட்டிஸ் கோப்பையை ஜெயிக்கும்போது ப்ளாஸா நுவேவாவுக்குப் போவோம்.)
ஈ) எஸ்பெரோ கே யோ புவேதா இர் அல் பார்த்திதோ. (நான் மேட்சுக்குப் போக முடியும் என்று நம்புகிறேன்.)

ஆஃப்சைடு_அக்கா

அ, ஆ சுத்தம்.

இ: இன்னும் நடக்காத வெற்றி, அதனால் குவாண்டோ கானே. நடந்து முடிந்ததென்றால் சாதாரண இறந்தகாலம்: ‘குவாண்டோ கானோ லா கோபா என் 2022’, அந்த வருடம் வாலென்சியாவைப் பெனால்தியில் வென்றார்களே, அது. வழக்கமாக நடப்பதைச் சொன்னால் (ஜெயிக்கும்போதெல்லாம் கத்துவார்கள்) குவாண்டோ கானா என்பதே சரி. உங்கள் ‘ஜெயிக்கும்போது’ இரண்டுக்கும் பொருந்துவதால்தான் வழுக்கியது. ‘ஜெயித்ததும்’ என்று மாற்றி யோசித்துப் பாருங்கள்.

ஈ: நம்புவதும் நீங்கள், போவதும் நீங்கள். ஆள் ஒன்றே என்றால் கேயும் வேண்டாம், சப்ஜங்க்டிவும் வேண்டாம்: எஸ்பெரோ போதெர் இர் அல் பார்த்திதோ. உங்கள் நண்பர் போக முடிய வேண்டும் என்றால்தான் எஸ்பெரோ கே புவேதா இர். தமிழிலும் ‘போக ஆசை’ என்றால் நான் போக, ‘அவன் போகணும்னு ஆசை’ என்றால்தான் இரண்டு ஆள்.

வலதுவிங்

புரிந்தது. இ, ஈ இரண்டையும் திருத்திவிட்டேன். நாளை வகுப்பில் கொடுக்கிறேன்.

தெற்குக்_கேலரி

டெர்பிக்கு டிக்கெட் கிடைத்தால் சொல்லுங்கள். கே கானே எல் பெட்டிஸ்!