மழைத் தோட்டம்: செலவு எதில் போகிறது?

மேகலா:
மாடியில் விழும் மழைநீர் இரண்டு குழாய்கள் வழியாக இறங்கி வாசலிலேயே தேங்குகிறது. அதைத் திருப்பிவிட்டு ஒரு மழைத் தோட்டம், அதாவது மழைநீர் நின்று மண்ணில் இறங்கும் ஆழமில்லாத செடிப் பள்ளம், அமைக்க ஆசை. கூரைப் பரப்பு 100 சதுர மீட்டர். இருவரிடம் மதிப்பீடு கேட்டேன்; ஒருவர் சொன்னது மற்றவர் சொன்னதைப்போல மூன்று மடங்கு. இருவருமே மண்ணைத் தொட்டுப் பார்க்கவில்லை. பணம் உண்மையில் எதில் போகிறது?

தோட்டக்காரி:
மண்ணைத் தொடாமல் கணக்குச் சொன்னவர்களை விட்டுவிடுங்கள். செடிக்குத்தான் செலவு என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. தோண்டுவது, தோண்டிய மண்ணை அப்புறப்படுத்துவது, களிமண்ணாக இருந்தால் வேறு மண் கொண்டுவந்து கொட்டுவது, இந்த மூன்றும்தான் பையைக் காலியாக்கும்.

முதலில் கடப்பாரையை எடுங்கள். முழங்கை ஆழத்துக்கு ஒரு குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். வடிந்ததும் மீண்டும் நிரப்புங்கள். இரண்டாம் முறை நிரப்பியது ஒரு நாளுக்குள் வற்றிவிட்டால் மண்ணை மாற்ற வேண்டாம்; மட்கு உரம் கலந்தால் போதும். குழியின் சுவரைக் கட்டைவிரலால் தேய்த்தும் பாருங்கள். சோப்புப்போல வழுக்கி மினுங்கினால் களிமண். செலவு ஏறத்தான் செய்யும்.

அளவுக்கு வருகிறேன். 25 மி.மீ. மழைக்கு உங்கள் கூரை 2,500 லிட்டர் தரும். 15 செ.மீ. ஆழப் பள்ளத்தில் அத்தனையும் நிற்க ஏறக்குறைய 17 சதுர மீட்டர் வேண்டும். முழுவதையும் பிடித்தாக வேண்டும் என்று யார் சொன்னது? ஒரு குழாயை மட்டும் திருப்புங்கள், தோண்டும் வேலை பாதியாகிவிடும். தோண்டிய மண்ணைச் சரிவின் கீழ்ப்பக்கம் வரப்பாகப் போட்டால் வண்டி வாடகையும் மிச்சம். செடிகளைச் சிறு நாற்றாகவே வாங்குங்கள். பெரிய தொட்டிச் செடி பொறுமை இல்லாதவர்களுக்கு.

கணேசன்:
ஒன்றில் மட்டும் சிக்கனம் வேண்டாம். பள்ளம் அஸ்திவாரத்திலிருந்து குறைந்தது 3 மீட்டராவது தள்ளி இருக்கட்டும், கழிவுநீர்த் தொட்டிக்கு மேல் கூடவே கூடாது. வரப்பில் கல் பதித்து மறுகால் (மிகுந்த நீர் வழிந்தோடும் வழி) விடுங்கள். இல்லாவிட்டால் அடைமழையில் வரப்பு அறுத்துக்கொள்ளும்.

மேகலா:
நாளைக்கே குழி தோண்டுகிறேன். தண்ணீர் நின்றால் கொசு வராதா?

தோட்டக்காரி:
முட்டை கொசுவாகப் பல நாட்கள் ஆகும். ஒரு நாளில் வடியும் பள்ளத்தில் அதற்கு வாய்ப்பில்லை. செடிகளைச் சுற்றி மண்மேல் பரப்பும் மூடாக்கு வாங்கும்போது கவனம்: மரச்சில்லு மிதந்துபோய் மறுகாலை அடைத்துக்கொள்ளும். நார்நாராகக் கிழித்த மரப்பட்டையைக் கேளுங்கள்.