பிரஸ்ஸல்ஸ் காந்தியோன் பீர் ஆலை: 1900-ஆ, 1938-ஆ?

மால்ட்மணி: காந்தியோன் ஆலை 1900-இல் தொடங்கியது என்கிறார்கள். முதன்முதலில் பீர் காய்ச்சியது 1938 என்றும் எழுதியிருக்கிறார்கள். அப்படியானால் நடுவில் எதை விற்றார்கள்? குளிர்காலத்தில் மட்டும் காய்ச்சுவது ஏன்?

பீப்பாய்க்காரர்: இரண்டு வருஷமும் சரிதான். பால் காந்தியோனும் மனைவி மரீ ட்ரோக்கும் பிரஸ்ஸல்ஸின் ஆண்டர்லெக்ட் பகுதியில் தொடங்கியது கலவைத் தொழில். மற்ற ஆலைகளில் லாம்பிக் (காற்றிலுள்ள ஈஸ்டால் தானாகப் புளிக்கும் பெல்ஜிய பீர்) வாங்கி, மரப்பீப்பாயில் ஊறவைத்து, கலந்து, 'கூஸ்' என்று பாட்டிலில் அடைத்து விற்றார்கள். அன்று அங்கே அது தனித் தொழில். மகன்கள் ரோபேரும் மார்செலும் 1937-இல் பழைய ஆலைச் சாமான்களை வாங்கிப் போட்டார்கள். மறுவருஷம் அடுப்பு மூட்டிச் சொந்தமாகக் காய்ச்சினார்கள். பிறகு மார்செலின் மருமகன் ஜான்-பியேர் வான் ரோய் பொறுப்பேற்றார். லாம்பிக் மங்கிவந்த காலத்தில், 1978-இல், ஓடுகிற ஆலையையே அருங்காட்சியகமாகத் திறந்துவிட்டார். ஆலை பிழைத்ததற்கு அதுவே பெரிய காரணம் என்பேன். இப்போது நடத்துவது அவர் மகன் ஜான்.

ஊறல்: குளிர்காலக் கேள்விக்கு வருகிறேன். லாம்பிக்கில் ஈஸ்ட் போடுவதில்லை, காற்றில் இருப்பதே வந்து இறங்கவேண்டும். ஒரு காய்ச்சலுக்குச் சுமார் 1,300 கிலோ தானியம். மூன்றில் இரண்டு பங்கு பார்லி மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி), மீதி முளைகட்டாத கோதுமை. ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பு தரும் பூ) மூன்று வருஷம் பழையது: கசப்பு போயிருக்கும், கெடாமல் காக்கும் குணம் மட்டும் நிற்கும். மூன்று நாலு மணி நேரம் கொதித்து வற்றிய 7,500 லிட்டர் தானியச் சாற்றை, கூரைக்கடியில் உள்ள ஆழமில்லாத செம்புத் தொட்டியில் இரவு முழுக்கத் திறந்து வைப்பார்கள். விடியும்போது சூடு 18–20 டிகிரிக்கு இறங்கியிருக்கவேண்டும். கோடை இரவில் அது இறங்காது, வேண்டாத கிருமியும் பெருகும். அதனால்தான் அக்டோபர் கடைசியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை மட்டும் காய்ச்சுகிறார்கள். ஒட்டடைகூட அடிப்பதில்லை; பழ ஈக்களைப் பிடிப்பது சிலந்திதான்.

பீப்பாயில் ஊற்றிய சில நாளில் நுரை பொங்கி வழியும். அது அடங்குமுன் வாயை அடைத்தால் பீப்பாய் பிளந்துவிடும்.

மால்ட்மணி: மூன்று வருஷம் பீப்பாயில் ஊறிய சரக்கை மட்டும் அப்படியே பாட்டிலில் அடைத்தால் என்ன?

பீப்பாய்க்காரர்: நுரைக்காது. சர்க்கரை முழுக்கத் தீர்ந்திருக்கும். ஒரு வருஷச் சரக்கில்தான் மிச்சச் சர்க்கரை உண்டு, பாட்டிலுக்குள் வாயு பிறப்பது அதனால்தான். மணமும் ஆழமும் இரண்டு, மூன்று வருஷச் சரக்கிலிருந்து வரும். இளசு கூடினால் பாட்டில் வெடிக்கும். அளவுக்குச் சூத்திரம் கிடையாது. ஒவ்வொரு பீப்பாயும் வேறு மாதிரி ஊறுவதால் நாக்கில் வைத்துப் பார்த்தே சேர்க்கிறார்கள். அடைத்த பாட்டிலைத் தக்கை காயாதபடி படுக்கவைத்து, நிலவறையில் இன்னும் பல மாதம் விடுவார்கள்.