புதுப்பிப்பு: அந்த இசை நிகழ்ச்சி நடக்கப்போவதில்லை

இணையத்தில் ஓர் இசை நிகழ்ச்சிக்கு டிக்கெட் விற்கிறார்கள், பாடகர் தரப்பிலோ பேச்சே இல்லை, நம்பி வாங்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். விடை கிடைத்துவிட்டது: அப்படி ஒரு நிகழ்ச்சியே கிடையாது.

பாடகரின் அதிகாரபூர்வ தளத்தில் அந்தத் தேதி இல்லை. அதை மட்டும் வைத்து முடிவுக்கு வர மனம் ஒப்பவில்லை. அத்தகைய பட்டியல்கள் தாமதமாக வருவதும் உண்டு. எனவே அரங்கத்தையே அழைத்தேன். எண்ணை டிக்கெட் பக்கத்திலிருந்து எடுக்காமல், அரங்கத்தின் சொந்தத் தளத்தில் தேடி எடுத்தேன். போலிப் பக்கத்தில் எண்ணும் போலியாக இருக்கலாம் அல்லவா? எடுத்துப் பேசிய பெண்மணி பதிவேட்டைப் பார்த்துவிட்டு, "அன்று வேறொரு விழாவுக்கு அரங்கத்தைக் கொடுத்திருக்கிறோம், ஐயா" என்றார்.

"பல தளங்களில் வந்திருக்கிறதே" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நிகழ்ச்சிகளைத் திரட்டும் தளங்கள் பலவும் பிற இடங்களிலிருந்து தகவலைத் தாமாகவே எடுத்துக்கொள்கின்றன. ஒரே பொய் பத்து இடத்தில் தெரிந்தால் அது பத்துச் சாட்சி ஆகிவிடாது. முகவரிக்கு அருகில் தெரியும் பூட்டுக் குறியும் இணைப்பு பாதுகாப்பானது என்றுதான் சொல்கிறது. விற்பவர் நாணயமானவர் என்று சொல்வதில்லை. ஒரு தளத்தின் பெயர் எப்போது பதிவானது என்பதைக் காட்டும் 'ஹூ இஸ்' (WHOIS) தேடலில் பார்த்தபோது, டிக்கெட் விற்ற தளத்தின் பெயரே அண்மையில்தான் பதிவாகியிருந்தது.

ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் தயவுசெய்து தாமதிக்காதீர்கள். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடம் அந்தப் பரிவர்த்தனையை எதிர்த்து முறையிடலாம். நேரடியாகக் கணக்குக்கு அனுப்பிய பணத்தை மீட்பது கடினம். அதனால் இன்றே வங்கியை அழையுங்கள்.