நியூட்ரலில் போட்டு இழுக்கலாமா? மின்சாரக் கார் வழியில் நின்றால் என்ன செய்வது

நாலுசக்கரம்:
நேற்று கியர்நாதன் வேறொரு இழையில் எழுதியதை அப்படியே தருகிறேன்: "மின்சாரக் கார் வழியில் நின்றுவிட்டால் பதற வேண்டாம். நியூட்ரலில் போட்டுக் கயிறு கட்டி இன்னொரு காரால் இழுத்துக்கொண்டு போய்விடலாம். ரெக்கவரி வண்டிக்குக் காத்திருப்பது வெட்டி வேலை." கீழே வரிசையாக "அருமையான தகவல்", "சூப்பர் அண்ணே" என்று பாராட்டு வேறு. படித்ததிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை. இதை நம்பி எவராவது செய்து பார்த்தால் வண்டியும் போகும், ஆளுக்கும் ஆபத்து.

பெட்ரோல் காரில் நியூட்ரல் என்றால் இஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே தொடர்பு அறுந்துவிடும். பெரும்பாலான மின்சாரக் கார்களில் அறுப்பதற்கென்று எதுவுமே கிடையாது. மோட்டார், ஒரே வேகத்துக்கான பல்சக்கரப் பெட்டி, ஆக்சில், சக்கரம் எல்லாம் எப்போதும் கோத்தபடியேதான் இருக்கும். நியூட்ரல் என்பது "மோட்டாரே, நீ இப்போது தள்ளாதே" என்று கணினி கொடுக்கிற ஒரு கட்டளை, அவ்வளவுதான். சக்கரம் சுழன்றால் மோட்டாரும் சுழலும். உள்ளே நிரந்தரக் காந்தம் இருக்கிற மோட்டாரை வெளியிலிருந்து சுழற்றினால் அது டைனமோ. வேகம் கூடக் கூட வோல்டேஜும் கூடும், அது போய் நிற்கிற இடம் இன்வெர்ட்டர், அதாவது பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்ப மாற்றிக் கொடுக்கிற கருவி. வண்டி செத்துக் கிடக்கும்போது கூலன்ட் பம்பும் ஓடாது, ஆகவே சூட்டை எடுத்துப் போகவும் ஆளில்லை. கையேடுகள் நான்கு சக்கரமும் தரையில் படாமல் பிளாட்பெட்டில், அதாவது வண்டியை முழுசாக மேலே ஏற்றிப் போகிற தட்டையான லாரியில், ஏற்றச் சொல்வது இதனால்தான்.

கியர்நாதன்:
ஆரம்பித்துவிட்டார் வாத்தியார். தம்பி, நான் 25 வருடமாக வண்டி ஓட்டுகிறேன். போன மாதம் என் நண்பரின் மின்சாரக் காரை நானே கயிறு கட்டி இழுத்தேன். நியூட்ரலில்தான் போட்டோம். இன்வெர்ட்டரும் வெடிக்கவில்லை, வானமும் இடிந்து விழவில்லை. அந்த வண்டி இன்றைக்கும் ஓடுகிறது. படித்ததைச் சொல்வது வேறு, செய்ததைச் சொல்வது வேறு.

அப்புறம் ஒரு கேள்வி. இழுக்கவே கூடாது என்றால் கம்பெனிக்காரன் எதற்காக இழுவைக் கொக்கி கொடுக்கிறான்? முன்பம்பரில் சின்ன மூடி, டிக்கியில் திருகு வைத்த கொக்கி. அலங்காரத்துக்கா?

நாலுசக்கரம்:
எத்தனை கிலோமீட்டர் இழுத்தீர்கள்? எந்த வேகத்தில்? அதைச் சொல்லுங்கள் முதலில்.

கொக்கிக்கும் பதில் சொல்கிறேன். அது பிளாட்பெட்டின் வின்ச் கம்பியை மாட்டி வண்டியை மெதுவாகப் பலகை மேல் ஏற்றுவதற்கு. தூரம் பத்துப் பதினைந்து அடிதான், நடையை விட மெதுவான வேகம்தான். அதைப் பிடித்துக்கொண்டு ஊர் சுற்றுவதற்கு இல்லை. கொக்கி கொடுத்திருக்கிறான் என்று சொல்கிறவர், அதே கையேட்டில் கொக்கிக்கு அடுத்த பத்தியில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் படித்திருக்கலாம்.

கியர்நாதன்:
கொஞ்ச தூரம்தான் இழுத்தோம். நிதானமான வேகம். இதற்கெல்லாம் மீட்டர் வைத்தா அளப்பார்கள்?

நாலுசக்கரம்:
"கொஞ்ச தூரம்" என்பது ஒரு அளவே இல்லை. எத்தனை கிலோமீட்டர்?

தாரா:
ஒரு நிமிடம். நீங்கள் இரண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் பேசுகிறீர்களா? நடுச்சாலையில் நின்ற வண்டியை ஓரம் வரை கையால் தள்ளுவது ஒன்று, கயிறு கட்டி அடுத்த ஊர் வரை இழுப்பது இன்னொன்று. எதைச் சொல்கிறீர்கள் என்று முதலில் முடிவு செய்துவிட்டுச் சண்டை போடுங்கள்.

கியர்நாதன்:
நியூட்ரல் என்றால் நியூட்ரல்தான் தாரா. தள்ளினாலும் இழுத்தாலும் சக்கரம் உருளத்தான் செய்கிறது.

நாலுசக்கரம்:
பார்த்தீர்களா? இதைத்தான் சொல்கிறேன். இவருக்கு வேகம் என்கிற ஒன்று கணக்கிலேயே இல்லை.

ஸ்பானர்சித்தன்:
நான் பட்டறைக்காரன். இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். வழியில் நிற்கிற மின்சாரக் கார்களில் மோட்டாரை ஓட்டுகிற பெரிய பேட்டரி காலியாகி நிற்பதை விட எனக்கு அதிகம் வருவது 12 வோல்ட் பேட்டரி செத்த வண்டிதான். பெரிய பேட்டரியில் பாதிக்கு மேல் சார்ஜ் இருக்கும், ஆனாலும் வண்டி எழுந்திருக்காது. கதவுப் பூட்டு, திரை, கட்டுப்பாட்டுக் கணினி, பெரிய பேட்டரியை இணைக்கிற கான்டாக்டர் எல்லாமே அந்த 12 வோல்ட்டை நம்பித்தான் இருக்கின்றன. அது செத்தால் கியர் குமிழைத் திருகினாலும் நியூட்ரல் விழாது. பார்க்கிங் பிரேக்கும் மின்சாரத்தில் பூட்டியது, கையால் விடுவிக்க முடியாது. அப்படி நிற்கிற வண்டியைக் கயிறு கட்டி இழுத்தால் உருளாது, பூட்டிய சக்கரம் ரோட்டில் தேய்ந்துகொண்டே வரும். எனக்கு ஒரு வண்டி அப்படி வந்தது. பின் டயர் இரண்டிலும் உள்ளங்கை அகலத்துக்கு ரப்பர் தட்டையாகத் தேய்ந்து நூல் தெரிந்தது.

12 வோல்ட்டுக்கு வெளியிலிருந்து பூஸ்டர் கொடுத்து எழுப்புங்கள். பாதி நேரம் இழுக்கவே தேவைப்படாது.

கியர்நாதன்:
என் நண்பர் வண்டியில் நியூட்ரல் விழுந்ததே? அப்புறம் என்ன? நடந்ததை நடக்கவில்லை என்று சொல்வீர்களா?

நாலுசக்கரம்:
12 வோல்ட் உயிரோடு இருந்திருக்கும், விழுந்திருக்கும். யார் இல்லை என்றது? நான் கேட்பது விழுந்த பிறகு எத்தனை கிலோமீட்டர், எந்த வேகம் என்று. மூன்றாவது முறை கேட்கிறேன்.

இன்னொன்றும் கேளுங்கள். நிறைய மாடல்களில் ஓட்டுநர் சீட்டை விட்டு எழுந்தாலோ கதவைத் திறந்தாலோ வண்டி தானாகவே சக்கரத்தைப் பூட்டுகிற பார்க் நிலைக்குப் போய்விடும். பழைய காரில் கதவைத் திறந்து ஒரு கை ஸ்டீயரிங்கிலும் தோள் கம்பத்திலுமாகத் தள்ளுவோம் இல்லையா, அப்படித் தள்ளப்போனால் இரண்டடி நகர்ந்ததும் டக்கென்று பூட்டிக்கொள்ளும், அதுவும் நடுச்சாலையில். ஆகவே ஒருவர் உள்ளே பெல்ட்டோடு உட்கார்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் மெனுவில் போய் இழுவை நிலையைப் போட வேண்டும். இதைச் சொல்லாமல் "நியூட்ரலில் போடு" என்று ஒற்றை வரியில் எழுதுவது பொறுப்பே இல்லாத வேலை.

வோல்ட்டுவேலன்:
ஸ்பானர்சித்தன் அண்ணே, பூஸ்டர் கொடுங்கள் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாதீர்கள். மின்சாரக் காருக்கு ஜம்ப் ஸ்டார்ட், அதாவது வேறு பேட்டரியிலிருந்து கேபிள் போட்டு எழுப்புவது, கூடாது என்று கையேட்டிலேயே இருக்கிறது.

ஸ்பானர்சித்தன்:
வேலா, கொடுப்பது வேறு, வாங்குவது வேறு. மின்சாரக் காரிலிருந்து பெட்ரோல் காருக்குக் கொடுக்கக் கூடாது என்றுதான் பெரும்பாலான கையேடுகள் சொல்கின்றன. ஸ்டார்ட்டர் மோட்டார் ஒரு நொடியில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் உறிஞ்சும், இந்தச் சின்ன பேட்டரியும் பெரிய பேட்டரியிலிருந்து அதைச் சார்ஜ் செய்கிற கன்வெர்ட்டரும் அதற்குச் செய்யப்பட்டவை இல்லை. வெளியிலிருந்து வாங்கிக்கொள்வதற்குப் பல வண்டிகளில் வழியே கொடுத்திருக்கிறான்.

வோல்ட்டுவேலன்:
பல வண்டிகளில், எல்லா வண்டியிலும் இல்லை. சில புதிய மாடல்களில் அந்த ஈய பேட்டரி இருந்த இடத்தில் லித்தியம் வந்துவிட்டது, அதன் வோல்டேஜே வேறு. கண்ட பூஸ்டரை மாட்டினால் என்ன ஆகும்? முன்மூடியை, அதாவது பானட்டை, திறக்கவே மின்சாரம் வேண்டும் என்பதாவது உங்களுக்குத் தெரியுமா?

ஸ்பானர்சித்தன்:
நான் திறந்த முன்மூடிகளை எண்ணினால் உனக்கு மயக்கம் வரும். கியர்நாதன் சொன்னாரே, கொக்கி மாட்டுகிற சின்ன மூடி, சில வண்டிகளில் அதற்குப் பின்னால்தான் சிவப்பும் கறுப்புமாக இரண்டு வயர் சுருட்டி வைத்திருக்கும். அதில் 12 வோல்ட் தொட்டால் முன்மூடி மட்டும் திறக்கும், பேட்டரி சார்ஜ் ஆகாது. உள்ளே போய் முறையான முனையில்தான் பூஸ்டர் மாட்ட வேண்டும். ஆரஞ்சு உறை போட்ட கேபிள் கண்ணில் பட்டால் அந்தப் பக்கமே கை போகக் கூடாது. அதில் ஓடுவது 400 வோல்ட், சில வண்டிகளில் 800.

கியர்நாதன்:
ஆக நான் சொன்ன மூடியை இப்போது எல்லோரும் பயன்படுத்திக்கொள்கிறீர்கள். நன்றி.

நாலுசக்கரம் தம்பிக்கு ஒரு ஞாபகம். டயர் காற்று இழையில் இதே மாதிரிதான் ஆளாளுக்குப் பாடம் எடுத்தீர்கள். அன்றைக்கும் நான் சொன்னதைக் கடைசி வரை ஏற்கவில்லை.

நாலுசக்கரம்:
ஏற்கமாட்டேன், இன்றைக்கும் ஏற்கமாட்டேன். டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அழுத்தம். வண்டிக்கு எவ்வளவு என்பது கதவுத் தூணில் ஒட்டியிருக்கிற தாளில் இருக்கிறது. நீங்கள் உச்சத்தையே நிரப்பச் சொன்னீர்கள். அன்றைக்கும் "நான் நிரப்பினேன், ஒன்றும் ஆகவில்லை" என்றுதான் சொன்னீர்கள். ஒன்றும் ஆகவில்லை என்பது ஒரு ஆதாரமா?

இன்றைக்கு விஷயத்துக்கு வாருங்கள். எத்தனை கிலோமீட்டர்?

தாரா:
நான் சொல்ல வந்ததை யாரும் கேட்கப்போவதில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். போன மழைக்காலத்தில் இரவு ஒன்பது மணிக்கு எனக்கு நடந்தது. சார்ஜ் தீரப்போகிறது என்று திரையில் ஆமைப் படம் வந்தது, வேகம் குறைந்துகொண்டே போனது. அந்தப் படம் வந்ததும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: மிச்சமிருக்கிற சக்தியை வைத்து ஓரம் ஒதுங்குவது. நான் அடுத்த சார்ஜர் வரை போய்விடலாம் என்று ஓட்டிக்கொண்டே போனேன், கடைசியில் வெள்ளைக் கோட்டுக்கு ஒரு முழம் உள்ளே நின்றது. லாரி ஒவ்வொன்றும் கடக்கும்போது காற்றிலேயே வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. பின்சீட்டில் என் மகள். அந்த நேரத்தில் நியூட்ரலா பார்க்கா என்று எனக்குத் தோன்றவே இல்லை.

போக்குவரத்து இல்லாத பக்கக் கதவால் அவளை இறக்கி, தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்க வைத்தேன். அப்புறம் ஹசார்டு விளக்கு, பிறகு எச்சரிக்கை முக்கோணத்தை மார்புக்கு முன்னால் பிடித்துக்கொண்டே பின்னால் நடந்து போய் வைத்தேன். வண்டிக்குப் பக்கத்திலேயே வைத்தால் அது எதற்கும் உதவாது, வேகமான சாலையில் நூறு மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். பெரிய பேட்டரி காலி என்றால் ஹசார்டு விளக்கு எரிவது அந்தச் சின்ன 12 வோல்ட்டில், அது எவ்வளவு நேரம் தாங்கும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் முக்கோணம் முக்கியம். ரெக்கவரிக்குப் போன் செய்யும்போது மின்சாரக் கார் என்று முதலிலேயே சொன்னேன், பிளாட்பெட் அனுப்பினார்கள்.

இரண்டு வண்டிக்கு நடுவே குனிந்து கயிறு கட்டுகிறவரை நினைத்துப் பாருங்கள். பின்னால் ஒருவன் வந்து இடித்தால் அவர் கதி என்ன?

வோல்ட்டுவேலன்:
நூறு மீட்டர் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? நாட்டுக்கு நாடு வேறு.

தாரா:
நான் சட்டம் பேசவில்லை வேலன். என் மகளைப் பற்றிப் பேசினேன்.

கியர்நாதன்:
தாரா சொல்வது சரிதான், ஆனால் அது நியூட்ரலுக்குப் பதில் இல்லை. நான் சொன்னது பாதுகாப்பாக ஓரம் கட்டிய பிறகு.

நாலுசக்கரம்:
இது புதுசாக இருக்கிறதே! முதல் பதிவில் ஓரமும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. அங்கே இருந்தது "நியூட்ரலில் போட்டுக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போய்விடலாம்" மட்டும்தான். இப்போது மாற்றாதீர்கள்.

கயிறு என்று மறுபடி சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான மின்சாரக் கார்கள் ஒன்றரை டன்னிலிருந்து இரண்டரை டன் வரை இருக்கும். சக்தி போனால் ஸ்டீயரிங் உதவியும் பிரேக் உதவியும் போகும். பிரேக் இருக்கும், ஆனால் இரண்டு காலையும் ஊன்றி மிதிக்க வேண்டும். முன்னால் போகிறவர் சட்டென்று நிறுத்தினால் பின்னால் வருகிற இரண்டு டன் எங்கே போகும்?

ஸ்பானர்சித்தன்:
முன்சக்கர இயக்க வண்டி என்றால் முன்பக்கத்தைத் தூக்கிப் பின்சக்கரம் உருள இழுக்கலாம். பின்சக்கர இயக்கம் என்றால் பின்பக்கத்தைத் தூக்க வேண்டும். நாலு சக்கரமும் இயங்குவது என்றால் பிளாட்பெட் மட்டும்தான். அதனால் "கூடவே கூடாது" என்பதும் முழுச் சரி இல்லை, நாலுசக்கரம்.

நாலுசக்கரம்:
இயங்கும் சக்கரம் தரையில் சுழலக் கூடாது என்பதுதான் நான் முதலிலிருந்து சொல்வது. நீங்கள் சொன்னதும் அதே. பிறகு எதற்கு "முழுச் சரி இல்லை"?

ஸ்பானர்சித்தன்:
நீங்கள் முதலில் எழுதியது "நான்கு சக்கரமும்" என்று. மேலே போய்ப் பாருங்கள்.

வோல்ட்டுவேலன்:
இழுப்பதை விடுங்கள், அடிபட்ட வண்டி என்றால்? கீழே கல் தட்டிப் பேட்டரிப் பெட்டி நசுங்கியிருந்தால்? ஜாக்கியைக் கண்ட இடத்தில் வைத்துப் பேட்டரி அடித்தட்டையே குத்தியவர்களும் உண்டு. அடியிலிருந்து சீறுகிற சத்தமோ, பட்பட்டென்று வெடிக்கிற சத்தமோ, வெள்ளைப் புகையோ வந்தால் பையை எடுக்கக்கூட நிற்காமல் ஓட வேண்டும், காற்று வருகிற பக்கமாக. அது நீராவி இல்லை, நச்சு. கையில் இருக்கிற சின்ன தீயணைப்பானால் அதை அணைக்க முடியாது, தீயணைப்புத் துறையே ஏராளமான தண்ணீர் கொட்டும். அணைந்தது மாதிரி இருந்து மணிக்கணக்கில், சில நேரம் நாள்கணக்கில் கழித்து மறுபடி பிடிக்கும். அப்படிப்பட்ட வண்டியைக் கொண்டுபோய் மற்ற வண்டிகளோடு ஒட்டி நிறுத்தக் கூடாது, 15 மீட்டராவது தள்ளி வெட்டவெளியில் நிறுத்த வேண்டும். 2022ல் ஃப்ளோரிடாவில் இயன் புயலுக்குப் பிறகு உப்புத் தண்ணீரில் மூழ்கிய மின்சாரக் கார்கள் தீப்பிடித்தது நினைவிருக்கிறதா?

கியர்நாதன்:
ஆக மின்சாரக் காரே வாங்காதே என்கிறீர்களா வேலன்?

வோல்ட்டுவேலன்:
எங்கே சொன்னேன்? நானே மின்சாரக் கார்தான் வைத்திருக்கிறேன். எதையாவது எழுதினால் அதை முறுக்கிப் பேசுவதே உங்களுக்கு வேலை.

நாலுசக்கரம்:
தீ பற்றித் தனி இழை தொடங்குங்கள் வேலன். இங்கே கேள்வி நியூட்ரல். கியர்நாதன் இன்னும் கிலோமீட்டர் சொல்லவில்லை.

கியர்நாதன்:
சரி, கேட்டுக்கொள்ளுங்கள். ஆறு கிலோமீட்டர் இருக்கும். போதுமா? வண்டி நன்றாக ஓடுகிறது. நண்பரின் கையேட்டில் குறைந்த தூரம் இழுக்கலாம் என்று இருக்கிறது, நானே கண்ணால் பார்த்தேன். நாளை அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துப் போடுகிறேன், அப்போது என்ன சொல்வீர்கள் என்று பார்க்கிறேன்.

நாலுசக்கரம்:
போடுங்கள். பக்கம் முழுவதும் தெரிய வேண்டும். எத்தனை மீட்டர், எத்தனை கிலோமீட்டர் வேகம் என்று எழுதியிருக்கிற வரியை வெட்டாமல் போடுங்கள். சில கையேடுகளில் அப்படி ஒரு சலுகை உண்டு, ஆபத்தான இடத்திலிருந்து ஒதுக்குவதற்கு மட்டும், நடக்கிற வேகத்தில். ஆறு கிலோமீட்டர் அதில் வராது.

கியர்நாதன்:
நாளைக்குப் பேசிக்கொள்ளலாம். நியூட்ரல் விழுந்தது, வண்டி உருண்டது. நான் சொன்னது சொன்னதுதான்.

தாரா:
அந்த ஆறு கிலோமீட்டரும் பின்வண்டியில் உட்கார்ந்து பிரேக் மிதித்தது யார்?

நாலுசக்கரம்:
படத்துக்குக் காத்திருக்கிறேன்.